ஊசி போட்ட ராத்திரியிலிருந்து கை தூக்க முடியவில்லை: நஷ்டஈடு கிடைக்குமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். வயது 49. வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். பதினாலு மாதத்துக்கு முன்னால் என் கணவரின் கம்பெனியில் ஊழியர்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஃப்ளூ தடுப்பூசி முகாம் வைத்தார்கள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ்கள் வந்தார்கள். பணம் கம்பெனி கட்டியது. என் ஜாக்கெட் கை இறுக்கமாக இருந்ததால் கழுத்துப் பக்கமாக இறக்கிவிட்டு இடது தோளில் போட்டார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், நர்ஸ் நின்றபடியே போட்டார். அன்று ராத்திரியே கையைத் தூக்க முடியவில்லை. ஊசி வலிதானே என்று விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்துத்தான் டாக்டரிடம் போனேன். இரண்டாவது மாதம் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் தோள் மூட்டின் பர்சாவில் வீக்கம் என்று வந்தது. இப்போது ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள் மூட்டு இறுகிவிட்டது என்கிறார்கள். இதுவரை 62,000 ரூபாய் செலவு. மாதம் 18,000 வரை வந்த தையல் வருமானம் 6,000 ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கேட்டால் "உங்களுக்கு சுகர் இருக்கிறது, அதனால் வந்தது" என்கிறார்கள். பத்து நாள் பிசியோதெரபி இலவசமாகத் தருகிறோம், ஒரு பேப்பரில் கையெழுத்துப் போடுங்கள் என்றும் சொல்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன், அங்கே இதற்கென்றே அரசாங்கம் நஷ்டஈடு தருகிறது, நீங்களும் மனு போடுங்கள் சித்தி என்கிறான். ஊசி போடும் முன் ஏதோ ஆங்கில ஃபாரத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான் என்ன செய்வது? கணவரின் வேலைக்கு ஏதாவது ஆகுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் உங்கள் அக்கா மகன் சொல்லும் வழியில் இல்லை, நம் ஊர் வழியில். உங்களுக்கு இன்னும் பத்து மாதம்தான் இருக்கிறது. அதனால் இந்தப் பதிலைப் படித்துவிட்டு எடுத்து வைக்காதீர்கள்.

அமெரிக்க விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் அக்கா மகன் சொல்வது பொய்யில்லை. அங்கே 1986-ல் சட்டம் போட்டு, 1988-லிருந்து தடுப்பூசிக் காயங்களுக்கு ஒரு தனி நிதியிலிருந்து பணம் கொடுக்கிறார்கள். தடுப்பூசி ஒவ்வொரு டோஸுக்கும், அது தடுக்கிற நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வீதம் வரி வாங்கி அந்த நிதியில் சேர்க்கிறார்கள். யாருடைய தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. 2017-ல் தோள் காயத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் அந்தத் திட்டம் பொதுவாக அமெரிக்க மண்ணில் போட்ட ஊசிக்குத்தான். பெங்களூரில் ஒரு கம்பெனி முகாமில் போட்ட ஊசிக்கு அங்கே மனு போட்டால் முதல் பக்கத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இருந்தாலும் அந்தப் பட்டியலில் தோள் காயத்துக்கு வைத்திருக்கும் நிபந்தனைகள் நமக்கு உதவும். ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். அந்தத் தோளில் அதற்கு முன்பு, இப்போதைய வலிக்குக் காரணமாகச் சொல்லக்கூடிய கோளாறு இருந்திருக்கக் கூடாது. வலியும் அசைவுக் குறைவும் ஊசி போட்ட தோளோடு நிற்க வேண்டும். வேறு நோய் எதுவும் அந்த வலியை விளக்கக் கூடாது. இவற்றுக்கு மேல், பாதிப்பு ஆறு மாதத்துக்கும் அதிகமாக நீடித்திருக்க வேண்டும். நீங்கள் புகார் கொடுக்கப்போகும் நம் ஊர் நுகர்வோர் ஆணையத்தை இந்த நிபந்தனைகள் கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் வழக்கை விசாரிப்பவரும், ஆஸ்பத்திரி தரப்பு வக்கீலும், கருத்துச் சொல்லும் எலும்பு டாக்டரும் கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான் கேட்கப் போகிறார்கள். கடிதத்தைப் படித்தவரையில், முதல் மூன்றுக்கும் உங்களிடம் பதில் இருக்கிறது. நான்காவதில்தான் சுகர் வந்து நிற்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தியாவில் ஃப்ளூ ஊசிக்கு அப்படி ஒரு நிதி கிடையாது. மருந்து சோதனையில் கலந்துகொண்டு காயம்பட்டவர்களுக்கு 2019-ல் வந்த விதிகளில் நஷ்டஈடு உண்டு. நீங்கள் சோதனைக்குப் போனவர் இல்லை. கோவிட் தடுப்பூசி பாதிப்புகள் பற்றிய வழக்கில், 2022 நவம்பரில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பதிலில், பாதிக்கப்பட்டவர்கள் அலட்சியத்தைக் காட்டி சிவில் நீதிமன்றம் போன்ற இடங்களில் நஷ்டஈடு கேட்கலாம் என்று சொன்னது. நியாயமா என்று கேட்டால், எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஊருக்காக எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்கிற ஊசியில் ஒருவருக்குக் காயம் பட்டால், அவர் வக்கீல் தேடி அலையக் கூடாது. ஆனால் என் அபிப்பிராயத்தை வைத்து நீங்கள் ஆணையத்தில் எதுவும் வாங்க முடியாது. இருக்கிற வழி, அலட்சியத்தை நிரூபிப்பதுதான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கு தடுப்பு மருந்தின் மேல் இல்லை. ஊசி குத்திய இடத்தின் மேல். மருந்து கெட்டது, கம்பெனி ஏமாற்றியது, தடுப்பூசியே மோசம் என்றெல்லாம் மனுவில் ஒரு வரி எழுதினாலும், மருந்துக் கம்பெனியை இழுத்து, ஆராய்ச்சிக் கட்டுரைகளை அடுக்கி, வழக்கு திசை மாறிவிடும். வாட்ஸ்அப்பில் வரும் தடுப்பூசி எதிர்ப்புச் செய்திகளை உங்கள் ஃபைலில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். உங்களுக்கு மருந்தோடு சண்டை இல்லை.

குத்திய இடம் ஏன் முக்கியம்? மேல் கையில் ஊசி போட வேண்டிய இடம் டெல்டாய்டு தசையின் தடித்த நடுப்பகுதி. தோளின் உச்சியில் கையால் தடவினால் ஒரு எலும்பு முனை தட்டுப்படும். அதிலிருந்து இரண்டு மூன்று விரல் அகலம் கீழே போட வேண்டும். அதற்கு மேலே, எலும்பு முனைக்குப் பக்கத்தில் குத்தினால், ஊசி தசைக்குள் நிற்காமல் அதற்கு அடியில் இருக்கும் பர்சா என்ற மெல்லிய பைக்குள்ளோ, மூட்டின் உறைக்குள்ளோ போய்விடும். தடுப்பு மருந்தின் வேலையே உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புவது. தசையில் அது நடந்தால் ஒன்றிரண்டு நாள் வலித்துவிட்டுப் போய்விடும். பர்சாவுக்குள் நடந்தால் அங்கே வீக்கம் உண்டாகி மாதக்கணக்கில் நிற்கும். கையை அசைக்காமல் வைத்திருந்தால் மூட்டு இறுகிவிடும். இதற்கு மருத்துவ உலகில் 2010-லிருந்து தனிப் பெயரே இருக்கிறது. ஆங்கிலத்தில் சுருக்கமாக 'சிர்வா' என்பார்கள். டாக்டரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், பேச்சு சீக்கிரம் நகரும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு விஷயங்கள்தான் என் கண்ணில் முதலில் பட்டவை. ஜாக்கெட்டைக் கழுத்துப் பக்கமாக இறக்கிவிட்டார்கள் என்பது ஒன்று. நீங்கள் தையல்காரர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: இறுக்கமான கையுள்ள ஜாக்கெட்டைக் கழுத்து வழியாக இழுத்தால் வெளியே தெரிவது தோளின் உச்சி மட்டும்தான், தசையின் நடுப்பகுதி துணிக்குள்ளேயே இருக்கும். நீங்கள் உட்கார்ந்திருக்க, நர்ஸ் நின்றபடி போட்டார் என்பது இன்னொன்று. நிற்பவரின் கை மேலிருந்து வரும், ஊசியும் மேலேயே இறங்கும். இருவரும் ஒரே மட்டத்தில் இருந்து போட வேண்டும் என்று செவிலியர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே இதனால்தான். ஆணையத்தில் தரும் பிரமாண வாக்குமூலத்தில் இந்த இரண்டையும் நடந்தது நடந்தபடி விரிவாக எழுதுங்கள். அன்று போட்டிருந்த ஜாக்கெட் இன்னும் வீட்டில் இருந்தால் பத்திரமாக வையுங்கள். சிரிக்காதீர்கள், அதுவும் சாட்சிதான்.

முகாம் நடந்த அன்று யாராவது போட்டோ எடுத்திருப்பார்கள். கம்பெனி முகாம் என்றால் எச்.ஆர். குழுவில் நாலு படமாவது போடாமல் இருக்க மாட்டார்கள். நீங்களோ பக்கத்தில் இருந்தவரோ பிளாஸ்திரி ஒட்டிய கையோடு எடுத்த செல்ஃபி இருந்தால், ஊசி குத்திய இடம் அதில் அப்படியே தெரியும். தோள் முனையை ஒட்டி பஞ்சும் பிளாஸ்திரியும் தெரிகிற ஒரு படம், பத்துப் பக்கம் வாதத்தைவிட மேல். நர்ஸ் நின்றுகொண்டு போடுவது தெரிகிற படம் வேறு யாருடையதாக இருந்தாலும் வாங்கி வையுங்கள்.

அடுத்தது நேரம். உங்கள் வழக்கின் பலவீனமான இடம் இது. வலி அன்று ராத்திரியே வந்தது என்கிறீர்கள். டாக்டரிடம் போனதோ மூன்று வாரம் கழித்து. ஆஸ்பத்திரி வக்கீல் இந்த இடைவெளியில்தான் காலை ஊன்றுவார். அதனால் நீங்கள் முதலில் பார்த்த டாக்டரின் ஓ.பி. சீட்டை எடுத்துப் பாருங்கள். "மூன்று வாரமாக, தடுப்பூசிக்குப் பிறகு இடது தோள் வலி" என்ற அர்த்தத்தில் ஒரு வரி இருந்தால் பாதி வேலை முடிந்தது. "தோள் வலி, சர்க்கரை நோயாளி" என்று மட்டும் எழுதியிருந்தால், வேறு வழியில் நிரூபிக்க வேண்டும். அன்று ராத்திரியோ மறுநாளோ அக்காவுக்கோ தோழிக்கோ "ஊசி போட்டேன், கையே தூக்க முடியல" என்று வாட்ஸ்அப் அனுப்பினீர்களா? வலி மாத்திரை வாங்கின மெடிக்கல் ஷாப்பில் ஜிபே பண்ணியிருக்கிறீர்களா? "அந்த ஜாக்கெட் இந்த வாரம் முடியாது, கை வலி" என்று கஸ்டமர் யாருக்காவது வாய்ஸ் மெசேஜ் போட்டீர்களா? இவை எல்லாம் தேதியோடு இருக்கும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அந்த ஃபோனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழும் வைப்பது நல்லது. வக்கீல் அதைத் தயார் செய்வார்.

இனி சுகர். ஆஸ்பத்திரி சொல்வதை வெறும் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஃப்ரோசன் ஷோல்டர் அதிகம் வருவது உண்மை, எந்த எலும்பு டாக்டரும் அதை ஒப்புக்கொள்வார். ஆனால் அப்படி வருவது பெரும்பாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறுகி வரும். "இன்ன தேதி ராத்திரி தொடங்கியது" என்று யாரும் சொல்ல முடியாது. உங்களுக்கு ஒரு தேதி இருக்கிறது. ஊசி போட்ட அதே தோள், அதே ராத்திரி. எம்.ஆர்.ஐ.யிலும் முதலில் வந்தது பர்சா வீக்கம். கூடவே, சுகர் கட்டுக்குள் இருந்தது என்று காட்டும் எச்.பி.ஏ.1.சி ரிப்போர்ட்டுகள் இருந்தால் சேர்த்து வையுங்கள். வலது தோள் நன்றாக இருக்கிறது என்பதையும் டாக்டர் எழுதட்டும். காயம்பட்டவர் ஏற்கெனவே உடல் பலவீனமானவர் என்பது காயப்படுத்தியவருக்குத் தப்பிக்கும் வழி ஆகாது என்பது சட்டத்தில் பழைய கொள்கை. சுகர் இருந்ததால் காயம் பெரிதாகியிருந்தாலும், காயம் உண்டாக்கிய பொறுப்பு போய்விடாது. அதே நேரம், ஆணையம் இந்தக் காரணத்தைச் சொல்லித் தொகையைக் குறைக்கலாம். அதற்கு மனதளவில் தயாராக இருங்கள்.

இதற்கெல்லாம் ஒரு டாக்டரின் எழுத்து வேண்டும். உங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் போய் "அந்த ஆஸ்பத்திரி தப்பு செய்தது என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள், தர மாட்டார். வேறு மாதிரி கேளுங்கள்: வலி எப்போது தொடங்கியதாக நோயாளி சொன்னார், பரிசோதனையில் என்ன தெரிந்தது, எம்.ஆர்.ஐ.யில் என்ன இருக்கிறது, இது ஊசியால் ஏற்படும் தோள் காயத்தோடு பொருந்துகிறதா. பொருந்துகிறது என்று எழுதப் பல டாக்டர்கள் தயங்க மாட்டார்கள். தனியாரில் யாரும் எழுதவில்லை என்றால் ஜெயநகரில் அரசின் சஞ்சய் காந்தி எலும்பு சிகிச்சை மையம் இருக்கிறது, உங்களுக்குப் பக்கத்தில் சிவாஜிநகரில் பௌரிங் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே ஓ.பி.யில் காட்டிப் பதிவு செய்யுங்கள். விரல்களில் மரமரப்போ கையில் பலக்குறைவோ இருந்தால் சொல்லாமல் விடாதீர்கள். அது நரம்பு சம்பந்தப்பட்டது, நிம்ஹான்ஸில் பரிசோதிக்கலாம், வழக்கும் வேறு கோணத்துக்குப் போகும்.

மருத்துவ அலட்சிய வழக்கு எல்லாவற்றுக்கும் நிபுணர் கருத்து கட்டாயம் என்று முன்பு ஒரு தீர்ப்பு இருந்தது. 2010-ல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், நுகர்வோர் வழக்குகளில் அப்படி எல்லாவற்றுக்கும் கட்டாயம் இல்லை என்று சொல்லிவிட்டது. ஆனாலும் உங்கள் வழக்கில், சுகர் ஒன்று நடுவில் நிற்பதால், டாக்டர் கருத்து இல்லாமல் போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நர்ஸ் பெயர் தெரியாதே என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி அதைக் கேட்கும். தெரிய வேண்டியதில்லை. 2004-ல் சவிதா கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம், வைத்தியம் செய்த டாக்டரையும் நர்ஸையும் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை என்பதற்காக நோயாளியின் புகாரைத் தள்ள முடியாது, ஆஸ்பத்திரிதான் தன் ஆட்கள் சரியாகச் செய்தார்கள் என்று காட்ட வேண்டும் என்றது. ஆகவே எதிர்தரப்பு ஆஸ்பத்திரி மட்டும் போதும். அந்த நர்ஸ் பெண்ணும் ஒரு நாளில் எத்தனை பேருக்கு வரிசையாகப் போட்டாரோ. அவரை எதிர்தரப்பாக நிறுத்தி உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இப்போது, இலவச ஊசிக்கு நுகர்வோர் வழக்குப் போட முடியுமா என்ற கேள்வி வரும். உங்களுக்குத்தான் இலவசம், ஆஸ்பத்திரிக்கு இல்லை. கம்பெனி பணம் கட்டியது. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பணம் கொடுத்தவர் மட்டும் அல்ல, அவர் சம்மதத்தோடு அந்தச் சேவையின் பலனைப் பெறுபவரும் நுகர்வோர்தான். ஒருவேளை ஆஸ்பத்திரி "அது நாங்கள் செய்த சமூக சேவை" என்று சொன்னாலும், 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்கு இருக்கிறது: எல்லோருக்கும் இலவசமாகச் செய்யும் இடம் சட்டத்துக்கு வெளியே, சிலரிடம் பணம் வாங்கிக்கொண்டு சிலருக்கு இலவசமாகச் செய்யும் இடம் உள்ளே. தனியார் ஆஸ்பத்திரி இரண்டாவது வகை. இதையே நீங்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போட்டிருந்தால் கதை வேறு. சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், அதற்கு முன்பு அரசுக்கு இரண்டு மாத நோட்டீஸும் கொடுக்க வேண்டும். இதே பிரச்சினையுள்ள மற்ற வாசகர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

புகாரை நீங்கள் வசிக்கும் இடத்துக்குரிய பெங்களூரு நகர மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். ஆஸ்பத்திரியின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தால் என்ன. சேவைக்குக் கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் எதுவும் இல்லை. ஊசியின் விலை எவ்வளவு இருந்துவிடப் போகிறது? 2025 ஜனவரியிலிருந்து இ-ஜாக்ரிதி என்ற தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். மனு கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும். உங்கள் தையல் ஆர்டர் நோட்டு தமிழில் இருக்கும், அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படும்.

கெடு இரண்டு வருடம். ஊசி போட்ட தேதியிலிருந்து எண்ணுங்கள். நோய் தெரிந்த தேதியிலிருந்து எண்ணலாம் என்று வாதாட இடம் உண்டு, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுவும் போடலாம். அதெல்லாம் வழி தவறியவர்களுக்கு. உங்களுக்குக் காலம் இருக்கும்போது அந்த வாதத்தில் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்? இன்னொன்று, பலரும் ஏமாறுகிற இடம் இது: வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் கெடு நிற்காது. ஆஸ்பத்திரி "பேசித் தீர்க்கலாம், அடுத்த வாரம் வாருங்கள்" என்று மாதக்கணக்கில் இழுத்தாலும் நிற்காது.

அந்தப் பிசியோதெரபி பேப்பருக்கு வருவோம். கையெழுத்துப் போடாதீர்கள். எனக்கு அதைப் படிக்காமலே ஒரு யூகம் இருக்கிறது, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி எங்கோ இருக்கும். பத்து நாள் பயிற்சியின் விலை சில ஆயிரம். அதற்காக முழுக் கோரிக்கையையும் விடுவது நல்ல பேரம் இல்லை. உண்மையிலேயே உதவ நினைத்தால், நிபந்தனை இல்லாமல் தரட்டும், வாங்கிக்கொள்ளுங்கள். வழக்குக்காக வைத்தியத்தை நிறுத்தி வைக்காதீர்கள். நோயாளி தன் பாதிப்பைக் குறைக்க முயற்சி செய்யவில்லை என்று ஆஸ்பத்திரி சொல்ல அது வழி விடும்.

முதலில் போட்ட ஆங்கில ஃபாரத்துக்காகக் கவலை வேண்டாம். ஊசியால் காய்ச்சல் வரலாம், வலி வரலாம் என்று ஒப்புக்கொண்டதாகத்தான் அதில் இருக்கும். தெரிந்த பக்கவிளைவுக்குச் சம்மதிப்பது வேறு, தவறான இடத்தில் குத்துவதற்குச் சம்மதிப்பது வேறு. புரியாத மொழியில், வரிசையில் நிற்கும்போது வாங்கிய கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்பதையும் கேட்கலாம். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். கூடவே உங்கள் பெயர் உள்ள முகாம் பட்டியல், மருந்தின் பெயர், பேட்ச் எண், ஊசி போட்டவரின் நர்சிங் கவுன்சில் பதிவு எண் ஆகியவற்றையும் எழுத்தில் கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ன் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. மூன்று வருடம் வைத்திருக்கவும் வேண்டும். பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, அனுப்பியதற்கான அத்தாட்சியை வையுங்கள். அவர்கள் தராமல் போனால் அதுவும் உங்களுக்குச் சாதகம்தான்.

இன்னொரு சின்ன வேலை. தடுப்பூசிக்குப் பின் வந்த பாதிப்பு என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். வைத்தியம் பார்க்கும் டாக்டர் மாவட்டத் தடுப்பூசி அதிகாரிக்குத் தெரிவிக்கலாம். மருந்துப் பாதிப்புகளைப் பதியும் தேசியத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024-க்கு நீங்களே பேசலாம். இதில் பணம் வராது. ஆனால் இந்தப் பதிவுகளை ஆராயும் முறையில் 'ஊசி போடுவதில் நேர்ந்த பிழை' என்று ஒரு தனிப் பிரிவே உண்டு. உங்கள் விஷயம் அதில் விழுந்தால் நல்ல சாட்சி.

எவ்வளவு கேட்பது? 2013-ல் குணால் சாஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் வட்டி தவிர்த்துக் கிட்டத்தட்ட 6 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னதைக் காட்டி யாராவது ஆசை காட்டுவார்கள். அது ஓர் உயிர் போன வழக்கு. உங்களுடையது அந்தக் கணக்கில் வராது. வைத்தியச் செலவு 62,000. வருமானத்தில் மாதம் 12,000 குறைந்தது, பதினாலு மாதத்துக்கு 1,68,000. இரண்டும் சேர்ந்து 2,30,000. அதன் மேல் இனி ஆகும் வைத்தியம், வலி, வீட்டு வேலைக்கு வைத்த ஆளின் சம்பளம், வழக்குச் செலவு. ஐந்து, ஆறு லட்சம் கேட்பது நியாயமாக இருக்கும் என்பது என் கணிப்பு. கிடைப்பது அதைவிடக் குறையும். ஐம்பது லட்சம் கேட்டால் மனுவைப் படிப்பவருக்கு முதல் பக்கத்திலேயே சலிப்பு வந்துவிடும்.

வருமானத்தை நிரூபிப்பதில்தான் வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள் கோட்டை விடுகிறார்கள். வரிக் கணக்கு இல்லை, ரசீது புத்தகம் இல்லை. ஆனால் உங்களிடம் அளவு நோட்டு இருக்கும். யாருக்கு எத்தனை ஜாக்கெட், லைனிங் வைத்ததா வைக்காததா, ஃபால்ஸ், பிகோ, எவ்வளவு அட்வான்ஸ் என்று தேதி போட்டு எழுதியிருப்பீர்கள். ஊசிக்கு முந்தைய ஒரு வருட நோட்டும் பிந்தைய நோட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சரிவு தானாகத் தெரியும். வங்கிக் கணக்கில் வந்த சின்னச் சின்னத் தொகைகள், நூல், கேன்வாஸ், கொக்கி வாங்கிய பில்கள், கை வலியால் வேறு டெய்லரிடம் கொடுத்துத் தைத்த கூலி எல்லாம் சேரும். வாடிக்கையாளர்கள் இரண்டு மூன்று பேர் பிரமாண வாக்குமூலம் கொடுத்தால் இன்னும் நல்லது. வீட்டு வேலைக்கும் பண மதிப்பு உண்டு என்று விபத்து வழக்குகளில் உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது, 2021-ல் கீர்த்தி வழக்கில் விரிவாகவே. அதையும் தனித் தலைப்பில் கேளுங்கள்.

போலீஸ் புகார் வேண்டாம். 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், மருத்துவத்தில் குற்ற வழக்குக்கு மிக மோசமான அலட்சியம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரம்பு வைத்துவிட்டது. உங்கள் விஷயம் அங்கே நிற்காது, நர்ஸுக்குத்தான் வேதனை. கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டத்தின் கீழ் மாவட்டக் குறைதீர்ப்பு அமைப்பிடம் ஒரு புகார் கொடுக்கலாம். பணம் தராவிட்டாலும், முகாம் நடத்திய முறையைப் பற்றி ஆஸ்பத்திரி எழுத்தில் பதில் சொல்ல வேண்டி வரும்.

வக்கீல் இல்லாமலே நீங்கள் வாதாடலாம், சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் மருத்துவ வழக்கு என்பதால் ஒருவர் இருப்பது நல்லது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. எச். சித்தையா சாலையில் நியாய தேகுலா கட்டடத்தில் மாநிலச் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் பேசலாம். பணம் கொடுத்து வக்கீல் வைப்பதானால் விசாரித்து வையுங்கள். டாக்டர் மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், வக்கீல் மேல் போக முடியாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் எங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

காலம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று முதல் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் வருடங்கள் ஆகும். ஆஸ்பத்திரி 30 நாளில், கூடுதலாக 15 நாள் அவகாசத்தில், பதில் போட்டே ஆக வேண்டும், அதற்கு மேல் நீட்டிப்பு இல்லை. முதல் கட்டத்திலேயே சமரசத்துக்கு அனுப்ப வாய்ப்பு உண்டு. அங்கே இரண்டு லட்சத்துக்கு மேல் எழுத்தில் வந்தால், என்னைக் கேட்டால், யோசிப்பேன்.

கடைசியாக உங்கள் பயம். கம்பெனியை எதிர்தரப்பாகச் சேர்க்காதீர்கள். அவர்கள் செய்தது நல்ல எண்ணத்தில் ஏற்பாடு செய்தது மட்டும்தான், ஊசி போட்டது அவர்கள் ஆள் இல்லை. உங்கள் கணவர் எச்.ஆரிடம் சாதாரணமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும்: இன்ன தேதி முகாமில் குடும்பத்தாருக்கான ஊசிக்குக் கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டியதற்கு ஒரு கடிதமோ பில் நகலோ வேண்டும் என்று. வழக்கு, கோர்ட் என்ற சொற்கள் அதில் வேண்டாம். இன்ஷூரன்ஸ், மருத்துவ ஃபைல் ஆகியவற்றுக்குத் தேவை என்றால் அது உண்மையும்தான். தந்தால் நல்லது. தராவிட்டால் கணவரை வற்புறுத்தாதீர்கள், ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் ஆணையத்துக்கு இருக்கிறது, உத்தரவு ஆணையத்திலிருந்து போனால் உங்கள் கணவர் பெயரில் பேச்சு வராது. இந்த மாதத்துக்குள் ஆவணங்களைக் கேட்டு ஆஸ்பத்திரிக்கு எழுதிவிடுங்கள், அடுத்த மாதம் நோட்டீஸ், நோட்டீஸில் 30 நாள் அவகாசம். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதற்கடுத்த மாதம் புகாரைப் பதிந்துவிடலாம்.